அறுபத்திரண்டரை மில்லி

நர்சிங் கல்லூரியில் மருந்துக் கணக்கு நடத்துகிற ஆசிரியைக்கு மாணவிகள் வைத்திருந்த பட்டப்பெயர் அருவி. கொட்ட ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை நிற்காது. பத்தொன்பது வருஷமாக அவர் பாடத்தில் ஒருத்திகூடத் தவறியதில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்காரர்தான் அவ்வப்போது சீண்டுவார். "கிளாஸ்லயும் நீ மட்டும்தான் பேசுவியா? பாவம் பிள்ளைங்க." ஆசிரியை அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

மறுநாள் நாற்பது மாணவிகள் முதன்முறையாகக் குழந்தைகள் வார்டுக்குப் போகிறார்கள். கணக்குத் தேர்வில் தேறி, அவரிடம் கையெழுத்து வாங்கினால்தான் அங்கே மருந்தைத் தொடலாம். மளமளவென்று தாள் திருத்திக்கொண்டிருந்தார். பத்துக் கிலோ குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி? அறுபத்திரண்டரை. சரி. அடுத்தது, சரி. இருபத்தாறாவது தாளில் பேனா நின்றது. பாட்டில் முழுசுமே அறுபது மில்லிதானே? போட்டுப் பார்த்தார். ஆறேகால். போன வாரம் இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்தது சாட்சாத் அவரேதான்.

மிச்சத்தையும் புரட்டினார். நாற்பதும் ஈயடிச்சான் காப்பி. அதில் இருபத்தைந்துக்கு அவரே சரி போட்டிருந்த கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

வகுப்புக்கு ஓடினார். "அறுபத்திரண்டரைன்னு எழுதினீங்களே, யாருக்குமே தப்புன்னு தோணலையா?"

வழக்கம்போல எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்த்தார்கள். கடைசியில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பெண் எழுந்தாள். "தெரியும் மேடம். வீட்ல போட்டுப் பாத்தேன். ஆறேகால்தான் வந்துச்சு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏம்மா இப்படி எழுதின?"

"நீங்க போர்டுல எழுதினதை எழுதினாத்தானே மேடம் மார்க்கு?" குறும்பாக இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். பக்கத்திலிருந்த தலைகளும் ஆமாம் என்று ஆடின.

"நாளைக்கு வார்டுல டாக்டர் கைதவறி அறுபத்திரண்டரைன்னு எழுதியிருந்தா?"

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "டாக்டர் எழுதினதைத்தான் மேடம் குடுப்போம்."

ஆசிரியை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த வகுப்பில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நாளைக்கு யாருக்கும் கையெழுத்து கிடையாது" என்றார். பிறகு குரல் இறங்கியது. "இதுவரைக்கும் நான் வேற எதெல்லாம் தப்பா எழுதியிருக்கேன்? தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க."

அப்புறம் ஒவ்வொன்றாக, பதினேழு கைகள் உயர்ந்தன.