என் பிரம்மச்சாரிக்குப் பெண் பார்த்தவர்கள்

நான் எழுதிய ஒரே நாவலைப் பற்றி ஊரார் சொன்ன அபிப்பிராயங்களை எதிரில் உட்கார்ந்து கேட்டவள் நான். கேட்டது மட்டுமல்ல, வாரா வாரம் அவர்களுக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டியவளும் நான்தான். எழுதியவள் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இப்படி ஒரு பாக்கியம் எழுதுகிறவர்கள் வேறு யாருக்கும் வாய்க்க வேண்டாம்.

மலாயாவில், ஜொகூரின் லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் போகும் தூரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வேறு ஆளை வரவழைக்கும் செலவை மிச்சம் பிடிக்க நினைத்த வெள்ளைக்காரத் துரை, அந்தப் பெண்ணே சொல்லிக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். அம்மா முன்பே இல்லை. பள்ளிக்கூடக் கொட்டகையின் பின்பக்கம் ஒட்டினாற்போல ஓர் அறை. அதில் நான் தனியாக இருந்தேன். வயது முப்பதைத் தொட்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை என்று ஊர் சொல்லும். நான் ஆக விடவில்லை என்பதே சரி. எப்போது உலை வைப்பது, எப்போது விளக்கை அணைப்பது என்பதையெல்லாம் அந்த அறையில் நான் ஒருத்திதான் தீர்மானித்தேன். அந்த அறையும் அந்தச் சுகமும் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை கிடையாது.

அந்தச் சுகத்தைத்தான் எழுதினேன். ஜொகூர் பாருவில் ஒரு மாடி அறையில் குடியிருக்கும் பிரம்மச்சாரிக் குமாஸ்தா ஒருவன் எழுதும் நாட்குறிப்பு என்று சொல்லி, சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றுக்குத் தொடராக அனுப்பினேன். புனைபெயர்தான் போட்டேன். பெண் பெயரில் போனால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும் என்று தெரியாத அளவுக்கு நான் அப்பாவி இல்லை. பத்திரிகைக்காரர் காசும் தரவில்லை, விலாசமும் கேட்கவில்லை. சேலையை வேட்டியாக்கினேன், பள்ளிக்கூடத்தைக் கடையாக்கினேன், மற்றதெல்லாம் நான். அவன் சோற்றைக் கருக விட்டுவிட்டு, அதற்கு ஒரு பெரிய பெயர் வைத்துப் பூனைக்கு விருந்து போடுவான். பெண் கொடுக்க வருகிறவர்களைக் கண்டால் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். கோழிகள் காட்டிக் கொடுத்துவிடும். ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடுவான். இவற்றில் நான் செய்யாதது எதுவும் இல்லை, கோழிக்கூடு உட்பட.

தோட்டத்தில் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர் பெரிய கிராணியார் ஒருவர்தான். துரைக்கு அடுத்தபடியாக ஆபீசை நடத்துகிறவர் அவர். சனிக்கிழமை ரயிலில் பத்திரிகை வரும். ஞாயிறு மாலை அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடும். அவர் நாற்காலியில் இருப்பார். ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி பெஞ்சில், கடை வைத்திருந்த ராவுத்தர் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல். மற்றவர்களெல்லாம் தரையில். வாய்விட்டுப் படிப்பது தம் அந்தஸ்துக்குக் குறைச்சல் என்று கிராணியார் நினைத்ததால் அந்த வேலை எனக்கு வந்தது.

சிரிக்கத்தான் செய்தார்கள். கோழிக்கூட்டு அத்தியாயத்தில் கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு. பாவம், பெற்றவள் இல்லாத பிள்ளை போலிருக்கிறது என்பார் ராவுத்தர். தம் கையில் கொடுத்தால் இரண்டே நாளில் நிமிர்த்திவிடுவதாகக் கங்காணி சொல்வார். சோறு கருகிய இடத்தைப் படித்தபோது கிராணியாரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும் என்று மூன்று முறை திருத்தி எழுதிய இடம் அது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எல்லா அபிப்பிராயமும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் போய் முடியும்: அவனுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

நான் விடவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அவனை இன்னும் சந்தோஷமாக எழுதினேன். அவன் சந்தோஷம் கூடக் கூட இவர்களுடைய பரிதாபமும் கூடியது. மனசுக்குள் அழுதுகொண்டு வெளியே சிரிக்கிறான் என்று கிராணியார் விளக்கம் சொன்னார். பத்திரிகையை அவர் மடியில் எறிந்துவிட்டு எழுந்து போகலாமா என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்து முடித்ததும் கிராணியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெண்ணைத் தேடி எங்கேயும் அலைய வேண்டாம், நம்மிடமே ஒரு பெண் இருக்கிறது என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கதையை எழுதியவன் கதையில் வருகிறவன்தான் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அவனுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, எனக்கோ அப்பா இல்லை. கணக்கு அவர்களுக்கு அழகாக முடிந்துவிட்டது. என்னை எனக்கே கட்டி வைக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆள் அகப்படப் போவதில்லையே, தேடட்டும் என்று இருந்துவிட்டேன். ஆனால் கிராணியார் சொந்த வேலையாகச் சிங்கப்பூருக்குப் போனவர், அச்சகத்துக்கும் போய் விசாரித்திருக்கிறார். பத்திரிகை ஆசிரியர் அன்று ஊரில் இல்லை. அச்சகத்து வாசலில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த ஒருவன் பெண்ணோடு தோட்டத்தில் வேலையும் வீடும் கிடைக்கும் என்ற பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, அதை எழுதியவன் தான்தான் என்று சொல்லிவிட்டான். கிராணியார் பூரித்துப்போய்த் திரும்பி வந்து, அடுத்த வாரம் மாப்பிள்ளை வருகிறார் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியும் ஒரு மனிதன் இருப்பானா, அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

வந்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை, கசங்காத சட்டை. கிராணியாருக்குச் சமமாக அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு உள்ளே நின்றிருந்தேன். ராவுத்தர் அவனிடம் கோழிக்கூட்டைப் பற்றிக் கேட்டார். எல்லாம் அனுபவம்தான் என்று அடக்கமாகச் சிரித்தான். எத்தனை கஷ்டம் பட்டீர்களோ என்று கிராணியாரின் மனைவி உச்சுக்கொட்டினாள். அவன் ஒரு பெருமூச்சு விட்டான்.

"தனியா இருக்கிறது நரகம்ங்க. அந்த நரகத்தத்தான் எழுதிக்கிட்டு வர்றேன்."

என் பேரைத் திருடியதைக்கூடப் பொறுத்திருப்பேன் போலிருக்கிறது. என் சந்தோஷத்துக்கு அவன் நரகம் என்று பெயர் வைத்ததைப் பொறுக்க முடியவில்லை. தட்டைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைக்காமல் தரையில் வைத்தேன்.

"அது நரகம் இல்ல. அத எழுதுனது நான்," என்றேன்.

முதலில் கிராணியார் சிரித்தார். பிறகு கங்காணி சிரித்தார். மாப்பிள்ளையும் பெருந்தன்மையோடு சிரித்தான். பெண் தமாஷ்காரி, இவருக்குப் பொருத்தமானவள் என்று ஒரு குரல் வந்தது. ராவுத்தர் மட்டும் வியாபாரி ஆனதால் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை வரப்போகிற அத்தியாயத்தில் என்ன இருக்கிறது, இருவரும் சொல்லட்டும் என்றார். நாயகன் காய்ச்சலில் கிடப்பான், கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்காது என்றான் அவன். கூட்டம் உருகியது. நான் சொன்னேன்: அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி தன் தங்கைக்காக அவனிடம் ஜாதகம் கேட்பாள், அவன் பூனைக்கு ஒரு ஜாதகம் எழுதிக் கொடுப்பான், பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிடுவார். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்றாள் கிராணியாரின் மனைவி.

சனிக்கிழமை வரைக்கும் அவன் கிராணியார் வீட்டில் கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரயில் வந்தது. அந்த ஒரு முறை அந்தஸ்தைப் பார்க்காமல் கிராணியாரே வாய்விட்டுப் படித்தார். ஜாதகம் வந்தது, பூனை வந்தது, பத்துப் பொருத்தமும் வந்தது. அந்தத் தொடரிலேயே நான் எழுதிய நல்ல வேடிக்கை அதுதான். ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன அபிப்பிராயங்களை என்னால் மறக்க முடியவில்லை. அதே ஆட்கள், அதே அத்தியாயங்கள். ஆற்றில் நின்று பாடியதைக் கேட்டுத் தாளம் போட்ட கங்காணி, வயசுப் பெண் ஆற்றில் இறங்கிப் பாட்டுப் பாடினால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டார். கருகிய சோற்றுக்குக் கண்ணீர் விட்ட அம்மாள், அடுப்பைப் பார்க்கத் தெரியாதவள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பாள் என்றாள். பெண் கொடுக்க வந்தவர்களைக் கண்டு ஒளிந்ததை நினைத்து நினைத்துச் சிரித்த கூட்டம், ஒளிகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டது. ராவுத்தர் கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. வேட்டி சேலையானதும் வேடிக்கை அசிங்கமாகிவிட்டது.

பொய் சொன்னவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கிராணியார் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, குழைந்துதான் பேசினார். என் அப்பா இடத்தில் இருந்து சொல்வதாகச் சொன்னார். விஷயம் துரை காதுக்குப் போகுமுன் முடித்துவிடலாம் என்றார்.

"அவரு இன்னும் சரின்னுதான் சொல்றாரும்மா. கட்டிக்கிட்டா புருசன் எழுதுனா என்ன, பொண்டாட்டி எழுதுனா என்ன? புஸ்தகம் அவரு பேர்லயே போகட்டும். பள்ளிக்கூடம் ஒங்களோடதுதான்."

இவ்வளவு நியாயமாக ஒரு கொள்ளையை நான் அதுவரை கேட்டதில்லை. அந்த அறை என் கண் முன்னால் வந்து நின்றது. ஆமாம் என்று சொன்னால் அறை இருக்கும், ஆனால் அவனும் அதில் இருப்பான்.

"தனியா இருக்கிறத எழுதுன புஸ்தகம் ஐயா அது. அவரு அதையும் எடுத்துக்கிட்டு என்னையும் எடுத்துக்கிறேங்கிறாரு. ரெண்டையும் தர மாட்டேன்," என்றேன்.

அவர் முகம் மாறியது. துரையிடம் போய் என்ன சொன்னாரோ தெரியாது. நடத்தை சரியில்லாதவளிடம் பிள்ளைகளை விட முடியாது என்று சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. விடிந்ததும் அறையைக் காலி செய்ய வேண்டும். வண்டியும் தர மாட்டார்களாம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக நடந்தேன். வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் யாரோ பின்னாலிருந்து பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிற பெண் ஒருத்தி. அவளுடைய இரண்டு பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். உடம்பு சரியில்லை என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். ரயில் மேடையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் மறுபடி வாயைத் திறந்தாள்.

"வாத்தியாரம்மா, ஒரு மழை நாள்ல அவரு பாய் நடுவுல கையையும் காலையும் விரிச்சுப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தாருன்னு படிச்சீங்கள்ல. எல்லாரும் சோம்பேறின்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கல. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் ஓரத்துலதான் படுக்கிறேன். ஒரு நாளாச்சும் அப்படிப் படுக்கணும்னு இருந்துச்சு."

அந்த இடம் எனக்கே மறந்து போயிருந்தது. பக்கத்தை நிரப்ப எழுதிய இரண்டு வரி. அவளுக்கு ஆறுதல் சொல்லவோ, வா என்று கூப்பிடவோ என்னிடம் அப்போது ஒரு தகரப் பெட்டியைத் தவிர எதுவும் இல்லை. அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புருஷன் வேலை முடிந்து வருவதற்குள் அடுப்பு மூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போனாள்.

கிராணியார் மேல் இருந்த கோபம் சில வருஷங்களில் ஆறிவிட்டது. அந்தத் திருட்டு மாப்பிள்ளையின் முகம்கூட இப்போது சரியாக நினைவில் இல்லை. ஆனால் மழை பெய்து, என் பாயில் நான் கையையும் காலையும் நீட்டிப் படுக்கும்போதெல்லாம் அவள் இன்னும் ஓரத்தில்தான் படுத்திருப்பாள் என்ற நினைப்பு வந்து கோபம் மூள்கிறது. எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அந்தக் கோபத்தில் இன்றுவரை எனக்குத் தூக்கம் வருவதில்லை.