ஏரிக்குள் ஒரு ரோடு

“அண்ணா, உங்க கடை வாசல்ல ரெண்டு லாரி எதிரெதிர வந்தா, ஒண்ணு மண்ணுல எறங்கணுமா?”

உறையூர் மாடியறையில் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கமலவல்லி கேட்கிறாள். மறுமுனையில் இருப்பவர் அவள் முகம்கூடப் பார்த்திராத டீக்கடைக்காரர். வழியோரக் கடைகளின் பெயர்ப்பலகையில் இருக்கும் நம்பர்களை வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருக்கிறாள். ஒரு ரோட்டின் நல்லது கெட்டது டீக்கடைக்காரருக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது என்பது அவள் கட்சி.

சுண்ணாம்புக்கல்லும் கிராஃபைட்டும் தேடும் கம்பெனிகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. துளை போடும் ரிக் லாரி எந்த ரோட்டில் போகும், எந்தப் பாலம் தாங்கும், மின்கம்பி எங்கே தாழ்ந்து தொங்குகிறது, தண்ணீர் எங்கே பிடிக்கலாம், ஆளுக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது ஜியாலஜிஸ்ட் பாடு. அங்கே போய்ச் சேருவது இவள் பாடு. ஸ்ரீரங்கத்தில் தேர் ஓடும் வீதியில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் முக்குத் திருப்பங்களைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்: “நம்ம தேர்கூடத் திரும்பிடும். இந்த லாரி திரும்பாது.”

மத்தியானம் தயிர்சாத டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு ஏதாவது ஒரு சிறுபாலத்தில் கண் மாட்டிக்கொண்டால், மூன்று மணிக்குத்தான் சாப்பாட்டு ஞாபகம் வரும். சாது. ‘சுமாரா போட்டுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை வம்பு வந்தது பெரம்பலூர்ப் பக்கத்து ஏரி ஒன்றால். மே மாதம் எடுத்த சாட்டிலைட் படத்தில் ஏரிக்குள்ளே ஒரு பாதை வெள்ளைவெளேரென்று ஓடுகிறது. அதில் போனால் மூன்று கிலோமீட்டர். சுற்றிப் போனால் பதினான்கு. டீக்கடைக்காரரும், “நாங்க எல்லாரும் அதுலதாங்க போறோம், தாராளமா போகலாம்” என்றார். கோடு இழுத்துவிட்டவள், போனை வைக்கும்முன் இன்னொன்று கேட்டுவைத்தாள்.

“கார்த்திகைலயும் அதுலதான் போவீங்களா?”

“அப்பவா? அப்ப அதுல வலை வீசுவோங்கம்மா.”

ரிக் அங்கே போகப்போவதே கார்த்திகையில்தான். அதை ஓட்டும் இம்தியாஸ் வழியில் யாரையும் விசாரிக்கிற ஆள் இல்லை. “அக்கா கோடு போட்டா நான் கண்ண மூடிட்டு விடுவேன்” என்பான். அவனோடு லாரியில் ஆறு பேர் இருப்பார்கள். மறுநாள் காலையில் பெரம்பலூர் பஸ் ஏறிப் போய், ஏரிக்குள் இறங்கி நடந்து, கருவேல மரங்களில் போன வருஷத் தண்ணீர் விட்டுப்போன சேற்றுக்கறையின் உயரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் கோட்டை அழித்தாள்.

ஆபீஸ் முதலாளி ஜகன்னாத்தும் ஸ்ரீரங்கத்துக்காரன்தான், அவளைவிட இளையவன். கெஞ்சிப் பார்த்தான்.

“மாமி, கம்பெனிக்காரா குறுக்கு வழிதான் வேணுங்கறா. போட்டுடுங்கோளேன். கீழ பொடி எழுத்துல ‘மழைக்காலத்துக்கு ஆகாது’ன்னு ஒரு வரி சேர்த்துடலாம்.”

“ஸ்டியரிங்கைப் பிடிச்சிண்டு பொடி எழுத்தை எவன் படிப்பான், ஜகன்? மாட்டேன்னா மாட்டேன்.”

“வேற ஆபீஸுக்குப் போயிடுவா மாமி.”

“போகட்டும்.”

சாயங்காலம் கம்பெனி மேனேஜரே வீடியோ காலில் வந்துவிட்டார். ஜகன்னாத் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தும் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“மேடம், படத்துல ரோடு பளிச்சுன்னு தெரியுதே. மழை பேஞ்சா அப்படி எவ்வளவு தண்ணி நின்னுடப் போகுது? கணுக்காலா? முழங்காலா?”

கமலவல்லி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். கேமராவில் முழு உருவமும் விழும்வரை சுவரோரம் நகர்ந்து நின்று, வலது கையை மட்டமாகப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். “சரிங்க, சுத்து வழியே போடுங்க” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்வரை கையை இறக்கவில்லை.