சரியாகச் சொன்ன தம்பியின் தப்பு

கண்ணாடிக் கடை அக்கா சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். அவன் சொன்னது சரியாகப் போனதுதான் காரணமாம். தெரு முழுக்க இதே கதை. தப்பாகச் சொன்னவனைத் திட்டுவார்கள், சரியாகச் சொன்னவனையுமா? விசாரித்துப் பார்த்ததில் தெரிந்தது இவ்வளவு.

புது மருந்துக்கடையின் முகப்புக்கு ஒரே துண்டாகக் கண்ணாடி வேண்டும். கையிருப்பையெல்லாம் வழித்துப்போட்டு அக்கா வாங்கிய தடித்த கண்ணாடி மேசைமேல் கிடந்தது. கோணலாக வெட்டினால் ஒட்டவைக்க முடியாது. அக்கா தன் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அளவெடுத்து வந்த தம்பி மூச்சிரைக்கச் சொன்னான். “மேலயும் கீழயும் ஒரே அளவு. ரெண்டு பக்கமும் ஒரே உயரம். அப்ப செவ்வகம்தான். வெட்டுக்கா!”

வெட்டும் கருவி அக்காவின் கையிலேயே நின்றது. “மூலைக்கு மூலை அளந்தியாடா?”

“எதிரெதிர்ப் பக்கம் சமம்னா அப்புறம் என்ன?”

அக்கா எதிரெதிராகச் சம நீளமுள்ள நான்கு கட்டைகளை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சட்டமாக்கி, விரலால் தள்ளினார். சட்டம் சாய்ந்தது. “குடிகாரனாட்டம் சாயுது பாரு. பக்கம் எதுவும் மாறல, மூலைக்கு மூலைதான் மாறுது. இது செவ்வகமா?”

“நான் பாத்த சுவரு குடிக்கலக்கா!”

“அத நீ அளக்கல. நம்புற.”

கண்ணாடியை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் வெளியே ஹாரனை அலறவிட்டார். மருந்துக்கடைக்காரர் போனில் கத்தினார்: “இன்னைக்கு வரலன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்!” தம்பி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவன் சொல்லும் காரணத்திலிருந்து அது வரவில்லையே. டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைக்காரரின் ஏச்சை வாங்கிக்கொண்டே ஏணியில் ஏறி, மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு டேப்பை இழுத்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையிலும். மறுநுனியைத் தம்பி பிடித்திருந்தான். இரண்டு அளவும் மயிரிழை பிசகவில்லை.

“செவ்வகம்தானே! அடிச்சுச் சொன்னேன்ல?” தம்பி குதித்தான்.

“சொன்னது சரி. அதுக்கு நீ சொன்ன காரணம் தப்பு.”

“விடை சரியா இருந்தா போதாதா? காரணத்தை வெச்சுக் குடும்பமா நடத்தப் போற?”

“இன்னைக்குச் சுவரு உன்னைக் காப்பாத்திருச்சு. காரணம் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுடா.”

“சரியாச் சொன்னவன் எதுக்குக்கா தப்புன்னு சொல்லணும்?”

திரும்பி வந்து வெட்டியபோது, கண்ணாடி கோட்டோடு பிளந்தது. மாலைக்குள் முகப்பில் கச்சிதமாக உட்கார்ந்தும்விட்டது.

பேச்சு நின்றது என்பது சுத்தப் பொய். தினமும் அவனை அளவெடுக்க அனுப்பும்போது, “எனக்கு ஒரு வார்த்தை பாக்கிடா” என்கிறார் அக்கா. “பொருந்தினதுக்கு ஏதுக்கா பாக்கி?” என்றபடி அவன் கிளம்புகிறான். இப்போதெல்லாம் மூலைக்கு மூலை அளந்துதான் வருகிறான். ஏன் என்று மட்டும் சொல்வதில்லை.