நாகலிங்க மரத்துக்கு லாரித் தண்ணீர்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டி, ஓர் அறக்கட்டளை பராமரிக்கும் பழைய தாவரவியல் தோட்டத்தில் நிற்கிறேன். நுழைவுச்சீட்டு வருமானம் போதாததால் மரங்களைத் தொழிற்சாலைகளுக்குத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். செலவை ஏற்கும் கம்பெனியின் பெயர்ப்பலகை மரத்தடியில் இருக்கும். வாடிக்கிடக்கும் நாகலிங்க மரத்தடியில், நான் மேலாளராக இருந்த சாயக் கம்பெனியின் பெயர்.

தோட்ட வேலை செய்யும் பெண் அருகில் வருகிறாள்.

"இன்னா சார், போர்டையே பாத்துகினு நிக்கிறீங்க?"

"இங்கே கிணறு இல்லையாம்மா?"

"கீது. இவங்க சாயத்தண்ணி எறங்கி வீணாப்பூடிச்சு. இப்ப இவங்கதான் லாரில தண்ணி அனுப்புறாங்க."

"மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடச் சொன்னவன் நான்தான்" என்கிறேன்.

திட்டுவாள் என்று காத்திருக்கிறேன். அவள் முகமோ மலர்கிறது.

"அப்ப அங்க உங்களுக்கு ஆள் தெரியும்! ஒரு வாரமா லாரி வர்ல சார். இந்த வெயில்ல மரம் தாங்காது. ஒரு போன் போடுங்களேன்."

கைப்பேசியில் பழைய எண்ணை அழுத்துகிறேன். மறுமுனையில் "யார் பேசறது?" என்கிறார்கள். முன்னாள் மேலாளர் என்பதா, தோட்டத்துக்காக என்பதா?

"மரம் காயுதுன்னு சொல்லு சார்" என்று அவள் என் முழங்கையை இடிக்கிறாள்.