அப்பா படித்த இங்கிலீஷ்

அப்பாவுக்கு நான் டீச்சராக இருந்தது ஒரே ஒரு வாரம்தான். அந்த வாரம் எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா ஆடிட்டுக்கு வருகிறார் என்றதும் பட்டறையே அமர்க்களப்பட்டது. தொழிலாளியே இங்கிலீஷில் பேசினால் அந்தம்மா அசந்துபோவார் என்று மேனேஜருக்கு ஒரு யோசனை. எட்டாவது வரை படித்த பாவத்துக்கு அப்பா மாட்டிக்கொண்டார். இங்குள்ள கெமிக்கலால் என் உடம்புக்கு ‘டெட்ரிமென்டல் எஃபெக்ட்’ எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொதப்பினால் வேலை போய்விடும்.

வாக்கியத்தில் மற்றதெல்லாம் வந்துவிட்டது. டெட்ரிமென்டல் மட்டும் அப்பாவைப் படுத்தியெடுத்தது. இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாவது படித்த நான் ஸ்கேலால் தரையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன்.

“ஏங் கண்ணு, கெடுதல்னு சொல்றதுக்கு இத்தன நீளமாவா ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க?”

“படிச்சவங்க அப்படித்தாம்ப்பா சொல்லுவாங்க.”

அடுப்படியிலிருந்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, கெடுதல் இல்லீனு அந்த மேனேஜரே சொல்லட்டுமே. உங்க வாயிலதான் வரோணுமா?”

அப்பா சிரித்து மழுப்பினார். பாடம் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று அம்மாவை நான் அதட்டினேன்.

ஆடிட் அன்று காலையில் எல்லோருக்கும் புதுக் கையுறை கொடுத்தார்களாம். அப்பா பிசிறில்லாமல் சொல்லியிருக்கிறார். அந்தம்மா கைகூடக் குலுக்கினாராம். சாயங்காலம் கையுறைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அடுத்த ஆடிட்டுக்கு வேண்டுமென்று.

“டீச்சர் பேரைக் காப்பாத்திட்டேன் கண்ணு,” என்று ஜாங்கிரியோடு வந்தார். நான் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தேன்.

அன்று அம்மா அவருக்குச் சோற்றோடு ஒரு ஸ்பூனையும் வைத்தாள். அவர் ஸ்பூனில் சாப்பிட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. அட, இங்கிலீஷ் வந்ததும் பழக்கமும் வந்துவிட்டதே! எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் ஸ்பூன் வேண்டுமென்று அடம்பிடித்தேன். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

“சும்மா இருடி,” என்று அம்மா சீறினாள். அப்பா அவளைக் கையமர்த்திவிட்டு ஸ்பூனை என்னிடம் நீட்டினார். பிறகு, சாயத்தண்ணீரில் ஊறி வெடித்திருந்த விரல்களால் காரக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். அவர் கண் கலங்கியது.

அம்மாதான் மிளகாயை அள்ளிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.