பச்சை மைக் கையெழுத்து

ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அஞ்சல் வழியில் உளவியல் பட்டயம் வாங்கி, செங்கம் சாலையருகே ஒரு தனியார் குடிபோதை மறுவாழ்வு இல்லத்தில் ஆலோசகராகச் சேர்ந்தேன். என் வேலை பேசுவது, அதைவிட, கேட்பது. உரிமையாளருக்கு இரண்டும் வராது. பூட்டத்தான் வரும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி தானாக வந்து சேர்ந்திருந்தார். ஐம்பது நாளாகக் குடிக்கவில்லை. மூத்த மகளின் கல்யாணத்தில் போதையில் பந்தலுக்கு வெளியே விழுந்து கிடந்ததை என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை இளையவளுக்கு நிச்சயதார்த்தம். இந்த முறையாவது நின்று தட்டு மாற்ற வேண்டும்.

“ஒரு நாள் போய்ட்டு வந்துடறேங்க,” என்று சனிக்கிழமை காலை கேட்டார்.

உரிமையாளர் எல்லோர் முன்னாலும் அவரை அறைந்தார். “ஜாஸ்தி பேசாத. வெளிய உட்டா நேரா கடைக்குத்தான் போவ.”

நான் குறுக்கே போனேன். “நீங்க ஃபைலப் பாருங்க சார். கவுன்சிலிங்லாம் சும்மா பேருக்கு,” என்றார்.

சரி, ஃபைலையே பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

உரிமையாளருக்கு அதிகாரியாகும் ஆசை. வரும் தாளெல்லாம் எண் போட்டுத் தன் மேசைக்கு வர வேண்டுமென்று என்னைத் தபால் பதிவேடு தொடங்கச் சொன்னவரே அவர்தான். அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரிபோலப் பச்சை மையில் கையெழுத்திடுவார். படிக்க மாட்டார். அந்த ஒன்றில் மட்டும் அசல் அதிகாரி.

சொந்த விருப்பத்தில் சேர்ந்தவர் போகிறேன் என்று கேட்டால் விட வேண்டும். மருத்துவர் நினைத்தால் ஒரு நாள் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான் சட்டம். அன்றைய ஆலோசனை நேரத்தில் தன்னை வீட்டுக்கு அனுப்பும்படி விவசாயி தன் கையால் கடிதம் எழுதினார். எண் போட்டேன். கேஸ் சிலிண்டர் ரசீதுக்கும் மளிகைப் பட்டியலுக்கும் நடுவில் வைத்தேன். உரிமையாளர் மூன்றிலும் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் கடிதத்தின் நகலோடு மனு கொடுத்தேன். எந்த மேசைக்கு இன்னொரு நகல் போனால் ஜீப் கிளம்பும் என்பதும் எனக்குத் தெரியும். புதன்கிழமை கிளம்பியது.

“அப்படி எந்த லெட்டரும் வரலீங்க சார். இஷ்டப்பட்டுத்தான் இருக்காரு,” என்றார் உரிமையாளர், ஜீப்பில் வந்த அதிகாரியிடம்.

பதிவேட்டையும் கடிதத்தையும் அதிகாரி முன் வைத்தேன். “இது உங்க கையெழுத்துதானே?” என்று உரிமையாளரைக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. அந்தப் பார்வையை முழுதாக வாங்கிக்கொண்டேன்.

விவசாயியை அன்றே வீட்டுக்கு அனுப்பி, மற்றவர்களை அரசு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டு இல்லத்துக்குச் சீல் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை விவசாயி தட்டு மாற்றினார். “மாமா இன்னிக்கு நிக்கிறாரே!” என்று ஒரு மருமகன் சீண்டினான். “உக்காருன்னாலும் உக்கார மாட்டேன்டா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்காக மட்டும் மகிழ்ந்தேன் என்று எழுதினால் பாதி பொய். உரிமையாளர் அப்போது எந்த வக்கீல் வீட்டு வாசலில் காத்திருப்பார் என்று நினைத்தபடி, இன்னொரு டம்ளர் பாயசம் கேட்டு வாங்கினேன்.