அத்தானுக்கு அதெல்லாம் தேவையில்லை

அரசாங்க வாகனப் பிரிவில் அவரை எல்லோரும் 'ஆலோசகர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள், யாரோ பெரிய பதவியில் இருந்தவர் போல என்று நினைத்து எழுந்து நின்றுவிடுவார்கள். பழைய ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அவர் கார் ஓட்டுகிறவர். கறுப்புக் கார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பின்சீட்டில் யாராவது ஒரு விருந்தினர். இந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் அவர் வாய் ஓயாத மனிதர். இப்போது கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி.

அந்த வாய்தான் அவருக்குச் சோறு போட்டது என்றும் சொல்லலாம். வெளிநாட்டு மொழியைத் தடுமாறாமல் பேசும் ஓட்டுநர்கள் அந்தப் பிரிவில் குறைவு. சின்ன வயதில் இரண்டு மொழியிலும் பாடம் நடத்துகிற பள்ளியில் அவரையும் அக்காவையும் சேர்த்திருந்தார்கள். அப்பா படுக்கையில் விழுந்ததும் அக்கா படிப்பை நிறுத்திக்கொண்டாள். தம்பி படித்து முடித்தான். அதனால் விமான நிலையத்துக்குப் பெரிய மனிதர்கள் வந்தால் அவருக்குத்தான் சாவி கொடுப்பார்கள். மனைவி இறந்த பிறகு அவருக்கென்று இருந்தது ஒரு வாடகை அறையும், இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டுச் சாப்பாடும்தான்.

அந்த வருடம் நாட்டில் எதுவும் ஓடவில்லை. கடைகள் பாதி நாள் ஷட்டர் இறங்கியே கிடந்தன. சம்பளம் வந்த கையோடு காணாமல் போயிற்று. நாட்டின் தலைவர் யோசித்துப் பார்த்துவிட்டு, தொழில்நுட்பக் கம்பெனிகளை நடத்துகிற மூன்று பேரை வரவழைத்து யோசனை கேட்கப்போவதாக அறிவித்தார். ஓட்டுநர்களின் ஓய்வறையில் அன்றைக்கு அதே பேச்சுதான்.

"கணக்கு உதைக்குதுன்னா கணக்குத் தெரிஞ்சவனைக் கூப்பிடணும். செல்போன்ல படம் காட்டறவனை எதுக்குய்யா கூப்பிடறாங்க?"

"கம்ப்யூட்டர் நின்னு போனா ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்கல்ல? நாட்டையும் அப்படித்தான் பண்ணப் போறாங்க."

"பண்ணட்டும். ஆஃப் பண்ற நேரத்துல நீ லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்காதே, அவ்வளவுதான்."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கையில் சாவி இருந்தது.

அந்த மூன்று பேரில் அவர் வண்டியில் ஏறியவர் நெட்டையான ஆள். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. காலில் பளீரென்று வெள்ளை ஷூ. அதனால் சாயங்காலத்துக்குள் ஓட்டுநர்கள் மத்தியில் அவர் பெயரே வெள்ளை ஷூ ஆகிவிட்டது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. முன்சீட்டில் உட்காரட்டுமா என்று கேட்டு உட்கார்ந்தார். ஓட்டுநரின் பெயரைக் கேட்டு, ஒழுங்காக உச்சரிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அக்காவின் கணவர் என்ன செய்கிறார்?

நாக்கு புரண்டது அங்கேதான். கட்டிக்கொடுத்த இடத்தை அயலார் முன்னால் குறைத்துச் சொல்ல எந்தத் தம்பிக்கு மனசு வரும்? "சொந்தமாகப் போக்குவரத்துத் தொழில் செய்கிறார்" என்றார். அத்தானிடம் இருந்தது ஒரே ஒரு மினி லாரி. அதன் இடதுபக்கக் கதவை லேசாகத் தூக்கிச் சாத்தினால்தான் மூடும். மேம்பாலத்துக்கு அடியில் உள்ள ஸ்டாண்டில் காத்துக் கிடந்து, வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, மார்க்கெட்டுக்குப் போகிற வெங்காய மூட்டை என்று கிடைத்ததை ஏற்றுவார்.

"சிறு வண்டிக்காரர்களுக்கு உங்கள் அரசாங்கம் குறைந்த விலையில் டீசல் கொடுக்கிறதாமே? அது இல்லாவிட்டால் அவர் சமாளிப்பாரா?"

"அத்தானுக்கு அதெல்லாம் தேவையில்லை சார். தன் கையை நம்பி முன்னுக்கு வந்த மனுஷர் அவர்."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. கார் அந்த நேரம் ஒரு பெட்ரோல் பங்க்கைக் கடந்தது. மானிய டீசலுக்கு அட்டையும் கையுமாக நின்றவர்களின் வண்டி வரிசை தெருமுனைவரை வளைந்திருந்தது. அந்த வரிசையில் எங்கோ அத்தானும் இருப்பார் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளை ஷூ குனிந்து போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அவர் வரிசையைப் பார்க்கவில்லை. இவர் காட்டவும் இல்லை. விருந்தாளிக்குக் காட்டுகிற காட்சியா அது?

மறுநாள் அந்த மூன்று பேரும் யோசனை சொல்கிற மாநாட்டை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். ஓய்வறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் முதல் வரிசையில் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை ஷூ மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பேசினார். "என்னை அழைத்து வந்த ஓட்டுநருக்கு ஓர் அத்தான் இருக்கிறார்" என்று ஆரம்பித்தார்.

"யோவ், உன்னைத்தான்யா சொல்றாரு!" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். அவருக்குக் கை கால் ஓடவில்லை. என்ன சொல்லப்போகிறார் என்பதைக் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, டிவியைப் போடு, சீக்கிரம்! அத்தானைப் பத்திப் பேசறாங்க! அத்தானையும் கூப்பிடு, பக்கத்துல இருக்கறவங்களையும் கூப்பிடு!"

அக்கா கூப்பிட்டாள். அத்தானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்று பார்த்தார்கள். சொந்த உழைப்பால் எழுந்த ஒரு வண்டிக்காரர், அரசாங்க டீசலே தேவையில்லை என்கிறார். மக்கள் தயாராக இருக்கிறார்கள், தயங்குவது அரசாங்கம்தான் என்று முடித்தார் வெள்ளை ஷூ. அரங்கமே கைதட்டியது. தலைவரும் தட்டினார். அந்த வாரமே மானிய டீசலை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டாண்டில் இருந்தவர்களுக்கு அந்த அத்தான் யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. விமான நிலையத்துக்கு யாருடைய மச்சினன் கார் ஓட்டுகிறான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வண்டிக்காரர்கள் சங்கத் தலைவர் அத்தானிடம் நேராகவே கேட்டார்.

"ஏம்பா, உனக்கு வேணாம்னா பேசாம இருந்திருக்கலாமே. ஊருக்கே வேணாம்னு சொல்ல உன்னை யாரு கேட்டா?"

அத்தான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். 'நான் சொல்லல, என் மச்சான் அளந்து விட்டுட்டான்' என்று சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏதோ பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன்" என்றார். பெண்டாட்டியின் தம்பியைப் பத்துப் பேருக்கு முன்னால் பொய்யன் ஆக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து அவருக்கு முறை வந்தாலும் லோடு வரவில்லை. அவர் நிற்கிற இடத்தில் யாரும் நிற்கவில்லை. இங்கே வாகனப் பிரிவில் மச்சானுக்கு 'ஆலோசகர்' என்று பெயர் விழுந்தது.

ஸ்டாண்டில் நடந்தது ஆலோசகர் காதுக்கும் வந்தது. அக்கா வீட்டில் தட்டு வைத்தார்கள், சோறு போட்டார்கள். பேச்சு மட்டும் இல்லை. அத்தான் சாப்பிடுகிற நேரத்தை மாற்றிக்கொண்டார்.

நிதித்துறைச் செயலாளராக இருந்த அம்மாவைப் பல வருடங்களாகக் காரில் அழைத்துப் போகிறவர் அவர். ஒருநாள் சிக்னலில் நின்றபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தான் சொன்னது பொய், அத்தானுக்கு அந்த டீசல் இல்லாமல் முடியாது, எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே வந்து சொல்லத் தயார் என்றார். கண்ணாடியில் பார்த்தால் அந்த அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

"உங்க பேச்சைக் கேட்டா நாட்டை நடத்தறாங்க? அது எப்பவோ முடிவானதுப்பா. அவங்க மூணு பேரும் வந்ததே அதைச் சொல்லிட்டுப் போகத்தான். நீங்க சொன்னது, மேடையில சொல்ல ஒரு கதை. அவ்வளவுதான். நிம்மதியா இருங்க."

நிம்மதி எங்கே வந்தது? தன்னால்தான் கெட்டது என்றால் காலில் விழலாம். தன்னால் இல்லை என்றால் எதற்காக விழுவது? ஆனால் அத்தானின் பெயர் கெட்டது தன்னால்தான் என்பதில் சந்தேகமே இல்லை. அதையாவது சரிசெய்யலாம் என்று தோன்றியது. விடுமுறை போட்டுவிட்டு ஸ்டாண்டுக்குப் போனார்.

"வாங்க ஆலோசகரே! இன்னிக்கு எதை நிறுத்தலாம்னு சொல்ல வந்திருக்கீங்க? தண்ணியையா?"

ஓரமாகத் தன் வண்டியில் சாய்ந்து நின்ற அத்தானுக்கும் கேட்கும்படி ஆலோசகர் நின்றபடியே சொன்னார். அத்தான் ஒன்றுமே சொல்லவில்லை. தான்தான் பெருமைக்காகச் சொன்னது. அத்தானுக்கு வண்டி டயர் மாற்றவே வழியில்லை. அக்கா பக்கத்து வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்துத்தான் பல மாதம் அடுப்பு எரிகிறது. எந்த முகத்தோடு அவர் டீசல் வேண்டாம் என்பார்? இன்னும் என்னென்னவோ சொன்னார். நம்ப வேண்டும் என்கிற பதற்றத்தில் அந்த வீட்டில் ஒளித்து வைத்திருந்த ஒவ்வொன்றையும் தெருவில் எடுத்துப் போட்டார்.

சிலர் நம்பினார்கள். சிலர், "மாட்டிக்கிட்ட பிறகு கதையை மாத்தறான்" என்றார்கள். சங்கத் தலைவர் அத்தானின் தோளில் கைவைத்து, "இவ்வளவு கஷ்டம்னு சொல்லவே இல்லியேப்பா" என்றார். அத்தான் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஆலோசகர் அக்கா வீட்டுக்கு ஓடினார். அக்கா வாசலிலேயே நின்றாள். அவளுக்கு அதற்குள் போன் வந்திருந்தது.

"தையல் கூலியில அடுப்பு எரியுதுன்னு சொன்னியாமே?"

"அக்கா, அவங்க நம்பணும்னுதான்..."

"அவரு சொல்லாததைச் சொன்னதா ஏத்துக்கிட்டாரேடா. எதுக்கு? உன் மானமும் போகக்கூடாது, எங்க மானமும் போகக்கூடாதுன்னுதானே? ஸ்டாண்டுல அவரை வெறுத்தாங்க, சரி. இப்போ பாவம் பாக்கறாங்க. அவரால தலை தூக்க முடியுமா?"

"நான் நல்லதுக்குத்தான்..."

"நீ நல்லதுக்குப் பேசினாலும் எங்க தலையிலதான் விடியுது, கெட்டதுக்குப் பேசினாலும் எங்க தலையிலதான் விடியுது. தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன். இனிமே எங்களைப் பத்தி யார்கிட்டயும் வாயே திறக்காதே."

கதவைச் சாத்தவில்லை அவள். உள்ளே போய்விட்டாள். திறந்து கிடந்த கதவுக்குள் நுழைய அவருக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு அறைக்குத் திரும்பியவர், பிறகு கடையில்தான் சாப்பிட்டார்.

சில மாதம் கழித்து அத்தானே போன் செய்தார். மச்சான் என்று கூப்பிடவில்லை.

"வண்டியை விக்கறேன். வாங்கறவர் பக்கத்து ஊர்ல இருக்காரு. கொண்டுபோய் விடணும். எனக்கு ஓட்டிட்டுப் போக மனசு வரல. ஸ்டாண்டுல யாரையும் கேக்கவும் பிடிக்கல. நீ வரியா?"

போனார். வண்டியைக் கழுவி வைத்திருந்தார்கள். சீட்டுக்குப் புது உறை. அக்கா தைத்தது என்று பார்த்ததும் தெரிந்தது. விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு உறை என்று அவர் கேட்கவில்லை. அக்கா வெளியே வரவில்லை. வழி முழுக்க அத்தான் இரண்டு தடவைதான் பேசினார். ஒன்று "இடது", இன்னொன்று "மெதுவா".

வாங்குகிறவர் செங்கல் வியாபாரி. சூளைக்கு முன்னால் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்ஜினைப் போடச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். அத்தான் கேட்ட விலைக்கு ஏறக்குறையச் சம்மதித்துவிட்டவர் போலத்தான் இருந்தார். திடீரென்று ஆலோசகர் பக்கம் திரும்பினார்.

"நீங்க அரசாங்க கார் ஓட்டறவராமே? உங்களுக்குத் தெரியாதது இல்ல. விக்கறவரு நல்லாத்தான் சொல்லுவாரு. நீங்க சொல்லுங்க, வண்டி எப்படி?"

வண்டி நன்றாகத்தான் இருந்தது. வழியெல்லாம் அவர் கைக்குத் தெரிந்தது அது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. மேட்டில் ஒரு முனகல்கூட இல்லை. அத்தான் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டி. அதைச் சொல்ல வாய்வரை வந்தது. அக்கா கும்பிட்ட கை கண்முன் நின்றது. நல்லது சொல்லிப் பார்த்தாகிவிட்டது, கெட்டது சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

வியாபாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தனக்குள் ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டினார்.

"ம். சரி, சொல்ல வேணாம். புரியுது." விலையைக் குறைத்தார். நன்றாகவே குறைத்தார். அத்தான் மறுத்துப் பேசவில்லை. மறுபடி வண்டியோடு திரும்பிப் போகிற தெம்பு அவரிடம் இல்லை. சாவியைக் கொடுத்தார். கதவை லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டிக்கெட்டை அத்தானே எடுத்தார். ஊர் எல்லை வந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"நல்ல வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, மச்சான்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். ஆலோசகர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அத்தானின் நிறுத்தம் வந்துவிட்டது. அவர் கம்பியைப் பிடித்து இறங்கி, பாக்கெட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, திரும்பாமல் நடந்தார். ஆலோசகருக்கும் அந்த நிறுத்தம்தான். அவர் இறங்கவில்லை.